பொறுப்பில் ஒரு பெட்டி

அரசாங்கப் பொருளைப் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தியோகத்தர், தனக்குப் பின் வருபவரிடம் அதைக் கையளித்து ஒப்பம் பெறும்வரை நிலையத்தை விட்டு மாற்றலாகிப் போகலாகாது. நல்ல விதி. அதை எழுதியவர் நெடுந்தீவில் வேலை பார்த்திருக்கமாட்டார்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் மூன்று நாட்டுக் கம்பனிகள் சேர்ந்து இங்கே ஒரு படம் பிடித்தன. ஒல்லாந்தர் புதைத்த பொக்கிஷத்தைக் கள்ளர் கூட்டமொன்று தேடும் கதை. கோட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் புதைத்தார்கள். தோண்டும் காட்சியைப் பிறகு எடுப்பதாக ஏற்பாடு. ஆடியில் கலவரம் வந்தது. படக்காரர் திரும்பவில்லை.

அடுத்த வருடம் பனங்கிழங்குப் பாத்திக்கு மண் வெட்டிய ஒருவர் பெட்டியைக் கண்டு, வண்டிலில் ஏற்றிக் கந்தோருக்குக் கொண்டுவந்தார். படக்காரருடையது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் தன்னைப் பிடிப்பார்கள் என்றாராம். எனக்கு முன்பிருந்த அதிகாரி அதில் முதற்பாதியைக் காதில் போடவில்லை. புதையல் சட்டப்படி அரக்கு முத்திரை வைத்தார், கொழும்புக்குத் தந்தி அடித்தார், மாற்றலாகிப் போனார். ‘பொக்கிஷப் பெட்டி ஒன்று, முத்திரையிட்டது’ என்ற வரிக்குக் கீழே ஒப்பமிட்டு நான் ஏற்றேன். முத்திரையை உடைக்க எனக்கு அதிகாரமில்லை.

கறையானுக்கு அதிகாரம் தேவைப்படவில்லை. மாரி முடிவதற்குள் பெட்டியின் ஒரு மூலை உதிர்ந்து, மஞ்சள் பூசிய தகரக் காசுகள் தெரிந்தன. கொழும்புக்கு எழுதினேன். பொக்கிஷம் அல்லவென்றால் அது மூன்று கம்பனிகளின் கூட்டுச் சொத்து, மூன்றின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். இரண்டு கம்பனிகள் சம்மதித்தன. மூன்றாவது மூச்சு விடவில்லை.

இதற்கிடையில் எனக்கும் மாற்றல் வந்தது, கடலுக்கு அப்பால் என் ஊரான வேலணைக்கு. அங்கே வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். மகன் கலவரத்தோடு வெளிநாடு போய்விட்டான். அயலில் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. லீவில் போனபோது சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

“அந்தப் பெட்டிக்கும் தாலி கட்டிப்போட்டியளோ?”

என் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர். பெட்டியைச் சுற்றிவந்து, குனிந்து மூலையைப் பார்த்து, பேனையை மூடினார்.

“அண்ணை, நீங்கள் பாக்காமல் எடுத்தியள். நான் பாத்துப்போட்டு பொக்கிஷமெண்டு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? ஏலாது.”

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு இருவரும் ஒரே கதிரையில் முறைவைத்து இருந்து ஒரே வேலையைப் பார்த்தோம். பெட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு எப்படியும் வந்துவிடுவேன் என்று மனைவிக்குச் சொல்லியனுப்பினேன்.

கடைசியில் மூன்றாவது கம்பனி எழுதியது. பெட்டி தங்களுக்குத் தேவையில்லை, விரும்பியதைச் செய்யலாம். என் இடத்துக்கு வந்தவர் அந்த நிமிடமே ஒப்பமிட்டார். நான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தேன். படகு கட்டிக் கிடந்தது. கடிதத்தைக் கொண்டுவந்த அதே படகில்தான் கடற்படையின் அறிவித்தலும் வந்திருந்தது: மறு அறிவித்தல்வரை கடலில் எந்தப் படகும் ஓடக்கூடாது.

பதில் வந்த திகதி, எண்பத்தைந்தாம் ஆண்டு விளக்கீட்டுக்கு முதல் நாள்.