தெண்டம் கட்டினால் பேச்சு முடியும்

அப்பா போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவர். ஜீப்பில் வந்த ஒருவர் கைப்பேசியை அவரிடம் நீட்டியிருக்கிறார். என் முகம், என் பெயர், சமூக ஊடகத்தில் நான் தொடங்காத கணக்கு. கீழே அசிங்கமான பேச்சு.

அந்த வாரம்தான் நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சட்டம் வரை படித்தவள்.

"பேச்சு அடங்குற வரைக்கும் வீட்லயே இரு ஆத்தா" என்றார் அப்பா.

அந்தச் சமூக ஊடக நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. போலீசில் கொடுத்த மனுவும் அப்படியே கிடக்கிறது.

அம்மா வீட்டில் ஏலக்காய் தரம் பிரிப்பவள். அவளோடு உட்கார்ந்து வெடித்த காயைப் பொறுக்கியபடி, இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வெளிநாடுகளில் அபராதம் போடும் விதத்தை அவளுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். உலகம் முழுக்க வரும் மொத்த வரவில் இத்தனை சதவீதம் வரை போகலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் எவ்வளவு என்பதற்கு, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், எவ்வளவு காலம் நடந்தது, தெரிந்தே விட்டார்களா, சொன்னதும் சரிசெய்தார்களா என்று பார்ப்பார்கள்.

"லாபத்துல இல்லையா?"

"இல்லப்பா, மொத்த வரவுல."

"ஏலத்துல நட்டத்துக்கு வித்தவனும் கட்டணுங்கிற மாதிரில்ல இருக்கு! நல்லா வேணும் அவனுக்கு."

அபராதம் அவர் காதில் தெண்டமாக விழுந்துவிட்டது. எங்கள் ஊர்க்கூட்டம் விதித்த தெண்டத்தைத் தப்புச் செய்தவன் கட்டிவிட்டால், அதன்பிறகு அந்த விஷயத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவனுக்குத் தெண்டம்.

"அவன் தெண்டம் கட்டட்டும். நானே உன்னைய மதுரை பஸ்சுல ஏத்திவிடுறேன்."

ஒரு சாயங்காலம் ஜீப்பை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்தார்.

"செய்தியில சொல்லிட்டான் ஆத்தா! அந்தக் கம்பெனிக்குத் தெண்டம் போட்டாச்சு. ஜீப்புல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பெட்டிய எடு, வெரசா!"

"நமக்கு எம்புட்டு வரும்?" என்றாள் அம்மா.

"அடி போடி, காசா இப்ப பெருசு?"

பெட்டியின் பிடியில் என் கை இருந்தது. பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மதுரைக்குப் போய் நான் பேசப்போவதும் இதே சட்டம்தானே.

"அப்பா, அது வேற நாடு, வேற வழக்கு. கட்டினாலும் அந்த அரசாங்கத்துக்குத்தான் போகும். அதையும் இன்னும் கட்டல, அப்பீல் போறானாம். என் படம் அப்படியேதான் இருக்கு."

"அப்ப பேச்சு முடியலையா?"

"இல்ல."

"அப்பீலு எப்ப முடியும்?"

"வருசக்கணக்குல ஆகும்பா."

அவர் ஜீப்புச் சாவியை ஆணியில் மாட்டினார். "சரி, முடியட்டும்."

எவ்வளவு காலம் நடந்தது என்று பார்ப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். இந்த வீட்டுக்குள் நான் இருக்கும் காலம் எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அம்மா ஏலக்காய்ச் சுளகை என் பக்கம் நகர்த்தினாள்.