சின்னவளின் கேஸ் ஷீட்

செய்தி சிஸ்டரின் எண்ணிலிருந்தே வந்தது. பென்னாகரத்தில் என் கடையில் ஒரு பழைய தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நம் பாய்மரப் படகுச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்தது. முந்தைய நாள் சாயங்காலம் அவர் போட்டிருந்தது மேலே இருந்தது: "ஞாயிறு பெரியவளை எடுத்தவங்க ஷீட்ல இன்னும் எழுதல. எழுதிடுங்க." அதற்குக் கீழே, அதே எண்ணிலிருந்து, அவருடைய மகள் எழுதியிருந்தார்: "அம்மா இன்று விடியற்காலை தவறிவிட்டார்." சிஸ்டரே தன் மரணத்தையும் தாமதமில்லாமல் குழுவுக்கு எழுதி ஒப்படைத்துவிட்டார் என்று ஒரு நொடி தோன்றியது. கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளை நடக்கப்போகும் இரங்கல் கூட்டத்துக்கு, இணைச் செயலாளர் என்ற முறையில், நான் நாலு வார்த்தை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெரியாத புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நாம் சிஸ்டர் என்று கூப்பிட்ட நம் செயலாளர் ராஜம்மா, அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம். கணவர் கடற்படையில் இருந்தார். அவரோடு துறைமுகக் குடியிருப்பில் இருந்த சில வருடங்களில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் காலமான பிறகு, எங்கோ ஒரு சங்கம் கழித்துக்கட்டிய இரண்டு சிறு படகுகளை லாரியில் ஏற்றி, அணைத் தண்ணீர் நம் மாவட்டத்துக்குள் வந்து தேங்கும் கரையில் இறக்கினார். பெரிய படகுக்குப் பெரியவள், சின்னதுக்குச் சின்னவள் என்று கரையில் இருந்த பரிசல்காரர்கள் பேர் வைத்தார்கள். அவர் அதையே எழுதிவிட்டார். "காத்துல போற படகுக்கு எதுக்குங்க சங்கம்?" என்று அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடமே சேர்ந்துவிட்டேன்.

பதினேழு பேருக்கு இரண்டு படகு. பதினேழு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைதான் வேண்டும். இதை வேறு யார் நடத்தியிருந்தாலும் ஆறு மாதத்தில் சங்கம் சண்டையில் முடிந்திருக்கும். சிஸ்டர் அதை ஒரு வார்டு மாதிரி நடத்தினார். யாருக்கு எந்த நாள் என்பதற்கு டூட்டி சார்ட். ஒரு பெரிய அதிகாரி தன் குடும்பத்தோடு வந்து, இந்த ஞாயிறு எனக்குக் கொடுங்கள் என்று நின்றார். "உங்க முறை வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறுங்க. வேணும்னா இன்னிக்கு ஒக்காந்து டீ சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் சிஸ்டர். அந்த அதிகாரி டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வர வேண்டிய மாதம் சரியாக வரவும் செய்தார்.

ஆனால் சங்கத்தைக் காப்பாற்றியது அந்த சார்ட் இல்லை, கேஸ் ஷீட். கொட்டகையில் ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும், ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே, அதே மாதிரி. படகை எடுத்தவர் திரும்பி வந்ததும் அதில் எழுத வேண்டும். கயிறு நைந்திருக்கிறதா, பாய் கிழிந்திருக்கிறதா, எங்காவது தண்ணீர் கசிகிறதா. அந்தத் தாளில் பெயருக்குக் கட்டம் கிடையாது. குறை, காரணம், அவ்வளவுதான்.

ஏன் பெயர் இல்லை என்று ஒருமுறை எனக்கே பாடம் கிடைத்தது. பெரியவளின் பாயில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். "பாய் கிழிந்தது. காரணம்: கரை முள்ளில் மாட்டியது" என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் குழுவில் கொதித்துவிட்டேன். யார் செய்த வேலை இது, பொறுப்பு வேண்டாமா, பொதுச் சொத்து என்றால் இளப்பமா என்று மூன்று நீளமான செய்தி. என் வாய் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் போன் செய்தார்.

"தம்பி, அதை மொதல்ல அழிங்க."

"ஏங்க சிஸ்டர், தப்புப் பண்ணவங்கள கேக்கக் கூடாதா?"

"யாரு பண்ணதுன்னு கேட்டீங்கன்னா நாளையிலருந்து யாரும் எழுத மாட்டாங்க. எனக்கு யாருன்னு வேணாம். என்னா ஆச்சுன்னுதான் வேணும். அடுத்து ஏறுறவங்களுக்கு அது தெரியணும். வார்டுலயும் இப்படித்தான். நைட்டு டூட்டி என்னா பண்ணாங்கன்னு மறைச்சா காலைல வர்றவ கையில உசுரு போகும்."

அழித்தேன். ஆனால் மனதுக்குள், நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை என்ற மிதப்பு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருடம் முன்பு, தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த ஒரு கோடை. ஞாயிறு என் முறை. மகளைக் கட்டிக்கொடுத்த புதிது. மாப்பிள்ளையைச் சின்னவளில் ஏற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் இறங்கினால் மேல்கரை ஓரம் போகக் கூடாது, பாறை இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு வித்தை காட்டப் போனேன். சுக்கான் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை, "என்னாங்க மாமா?" என்றார். "ஒண்ணுமில்ல மாப்ள, குச்சி" என்றேன்.

கொட்டகைக்கு வந்து சுக்கானைக் கழற்றிப் பார்த்தேன். அதைப் படகோடு மாட்டும் இரும்புக் கொக்கியில், உள்பக்கம், வெல்டு வைத்த இடத்தில் முடி அளவுக்கு விரிசல். நான் இரும்போடு பிழைக்கிறவன். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். வூட்டில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு நானே கொக்கியைக் கொண்டுபோய் வெல்டு வைத்துக் கொண்டுவந்து மாட்டிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கேஸ் ஷீட்டில் "குறை இல்லை" என்று எழுதினேன். திங்கட்கிழமை கடையில் வேலை குவிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மறந்தே போனேன்.

புதன்கிழமை காலை எப்போதும் சிஸ்டருடையது. வேறு யாரும் கேட்காத நாள் என்பதால் அவரே எடுத்துக்கொண்ட நாள் அது. சின்னவளில் தனியாகப் போவார். அன்று பாதித் தண்ணீரில் காற்று ஏறியது. சுக்கான் கழன்று தண்ணீரில் மூழ்கிவிட்டது. படகு தன் இஷ்டத்துக்கு எதிர்க்கரைப் பாறையில் போய் மோதி அதன் விலாப் பலகை உடைந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசல்காரர் மாதையன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நான் போறப்ப அந்தம்மா ஒடஞ்ச படகுல ஒக்காந்து பாயை மடிச்சிட்டு இருந்துச்சுங்க. பயந்த மாதிரியே இல்ல" என்று மாதையன் எல்லோரிடமும் சொன்னார். முழங்கையில் நாலு தையல்.

அந்த வாரக் கடைசியில் கூடிய கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிஸ்டர் சுக்கானைச் சரியாக மாட்டவில்லை என்று சங்கத் தலைவர் நினைத்தார். எழுபது வயது, கண்பார்வை பழைய மாதிரி இருக்குமா என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். டூட்டி சார்ட்டைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமை எடுத்தது நான் என்று பார்த்து என்னைக் கேட்டார்.

"நீங்க எடுத்தப்ப சுக்கான் எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாதிரி, கொஞ்ச நேரம். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "நான் மாட்டுனதுல தப்பு இல்லீங்க. ஷீட்ல குறை இல்லைன்னு இருந்துச்சு. அதை நம்பி ஏறுனேன்" என்றார். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் படகைத் தனியாக எடுக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. அந்த வயதில் அன்று அவர் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் கை தூக்கினீர்கள். நானும் தூக்கினேன். தீர்மானத்தை நோட்டில் எழுதியதும் நான்தான். செயலாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், தையல் போட்ட கையால்.

துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போகலாமே என்று சிலர் சொன்னீர்கள். அவர் ஒருநாளும் போகவில்லை. டூட்டி சார்ட்டில் புதன்கிழமைக்கு எதிரே "படகுக்கு ஓய்வு" என்று எழுத ஆரம்பித்தார். ஆனால் புதன்தோறும் கரைக்கு வந்தார். பாயைக் காயப் போட்டார், கயிறு மாற்றினார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி மூன்று வருடம்.

ஒரே ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் சின்னவளின் பாயை உதறிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், அந்தச் சுக்கான் கொக்கி..." என்று இழுத்தேன். அவர் பாயைக் கீழே வைத்தார்.

"வாயில சொல்லாதீங்க தம்பி. எழுதற விசயத்தை எழுதத்தான் செய்யணும்."

ரவிக்கையோரம் எப்போதும் செருகியிருக்கும் நீலப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அப்போது பார்த்துக் கடையிலிருந்து போன் வந்தது. உண்மையைச் சொன்னால் அது ஒன்றும் அவசரமான போன் இல்லை. பேசிக்கொண்டே வண்டி வரைக்கும் நடந்து, பேசிக்கொண்டே ஏறிப் போய்விட்டேன். பேனா என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்தபோது அவர் பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை. "பேத்தி வந்திருக்காளா, சௌக்கியமா?" என்றுதான் கேட்டார். அவர் கேட்டிருந்தால், ஒரு தடவை திட்டியிருந்தால், எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். யார் என்று கேட்பதில்லை என்பது அவர் வைத்த விதி. எனக்காக அவர் அதை மீறவில்லை.

நேற்று அவர் வூட்டிலிருந்து சங்கத்து ஃபைல்களை எடுத்து வந்தேன். மகள் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அதில் சின்னவளின் பழைய கேஸ் ஷீட்டுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. அந்தப் புதன்கிழமைத் தாளைத் தேடினேன். சிஸ்டரின் கையெழுத்து கோணலாக இருந்தது, கட்டுப் போட்ட கை. "குறை: சுக்கான் நடுத் தண்ணீரில் கழன்றது. இடது விலா உடைந்தது." அடுத்த வரியில் "காரணம்" என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதவில்லை. அவர் காலி இடம் விடுகிறவர் இல்லை. தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும், சும்மா விடக் கூடாது என்று நம்மை எத்தனை தடவை விரட்டியிருக்கிறார். இந்த ஓர் இடத்தை மட்டும் அவர் மூன்று வருடம் திறந்தே வைத்திருந்தார்.

நீங்கள் கை தூக்கியது என் பொய்யை நம்பி. அந்தத் தீர்மானத்தை நாளைக்கே ரத்து செய்யுங்கள். இணைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் என்னைப் பற்றி நினைக்கப்போவது எதுவானாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இதனால் அவருக்கு ஒரு புதன்கிழமைகூடத் திரும்பக் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீர் நிறைந்து, காற்று நன்றாக இருந்த எத்தனையோ புதன்கிழமைகள் வந்துபோயின. அவர் கரையில் உட்கார்ந்திருந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த நீலப் பேனா ஒன்றுதான். நேற்று எடுத்துப் பார்த்தேன், ரீஃபில் காய்ந்துபோயிருந்தது. பக்கத்துக் கடையில் புது ரீஃபில் வாங்கிப் போட்டேன். "காரணம்" என்பதற்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "சுக்கான் கொக்கியில் விரிசல். ஞாயிற்றுக்கிழமை பாறையில் இடித்தது. பார்த்தும் எழுதவில்லை." தாளில் பெயருக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. சிஸ்டரின் விதியை மீறி, அங்கே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.