சோடி உண்டு என்று எழுதிய அத்தியாயம்

ஆய்வேட்டைக் கையளிக்க ஐந்து நாள் இருக்கும்போது என் நான்காம் அத்தியாயம் பிழை என்று கண்டுபிடித்தேன். ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டித் தந்திருந்தார்கள். இனித் தவறினால் பல்கலைக்கழகப் பதிவே போய்விடும்.

நான் ஆராய்ந்தது கடுங்குளிர் வாயுக்களை. அதற்குக் கீழே குளிரே இல்லாத தனிப்பூச்சியத்துக்கு மிக அருகே குளிர்வித்தால், எதிரெதிர்ச் சுழற்சியுள்ள அணுக்கள் இரண்டிரண்டாகச் சோடி சேரும். வாயு உராய்வே இல்லாமல் ஓடும். வலுவான காந்தப்புலம் ஒரு வகையை மற்றதைவிடப் பெருக்கிவிடும். துணை கிடைக்காமல் சோடிகள் உடையும். அந்தப் புலத்திலும் சோடி தாக்குப்பிடிக்கும் என்பதுதான் நான்காம் அத்தியாயம். சமன்பாட்டுக்குத் தீர்வு கிடைத்த அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தன்னாமுனை வீடு வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

தீர்வு மட்டும் போதாது. அந்த நிலையின் சக்தி அக்கம்பக்கத்தைவிடக் குறைவா என்றும் பார்க்க வேண்டும். சந்தோஷத்தில் அதைப் பார்க்காமலே எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு வரைபடம் சேர்க்கப் போனபோது தெரிந்தது, என் தீர்வு பள்ளத்தில் இல்லை, உச்சியில் இருந்தது. வயல் வரம்பின் மேல் வைத்த தேங்காய் மாதிரி. தொட்டால் உருண்டுவிடும்.

மூன்று வருடமாகச் சமையலும் பிள்ளைகளும் என் கணவர் தலையில்தான். அவரிடம் சொன்னேன்.

“இஞ்சரு புள்ள, இத ஆரு கண்டுபிடிக்கப்போறாங்க?” என்றார்.

“நான் கண்டுபிடிச்சிட்டனே.”

“இப்ப குடுத்துட்டுப் பிறகு திருத்தன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை. காலையிலிருந்து எனக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போனேன். “சேர், நாலாம் அத்தியாயம் பிழை. எடுக்கிறன்.”

அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். “எடுத்தா மிச்சம் பட்டத்துக்குக் காணாது. பதிவும் போயிரும். தெரியுந்தானே?”

“ஓம் சேர்.”

பதிவு போனது. புதிதாகப் பதிந்தேன். சோடிகள் ஓரிடத்தில் நிற்கும் என்று நான் ஆரம்பத்திலேயே வைத்திருந்த நிபந்தனையைக் கணினி நிரலிலிருந்து தூக்கி எறிந்தேன். எல்லாச் சோடிகளையும் ஒரே திசையில் நகரவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. புலத்தின் மிகக் குறுகிய ஓர் இடைவெளியில், சக்தியின் வளைகோடு பள்ளத்துக்கு இறங்கியது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த பதினொரு நாளும் அதை எப்படியாவது பிழையென்று காட்டத்தான் பார்த்தேன். முடியவில்லை. பிறகுதான் வீட்டில் சொன்னேன். கணவர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.