வெள்ளைப் பவளம் காட்டியவர்

போர்ட் பிளேரில் அடியில் கண்ணாடி பதித்த படகை ஓட்டிய ஒருவரை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. கறுத்து மெலிந்த உடம்பு, பான் கறை ஏறிய பற்கள். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மூங்கில் கழியைப் பவளத்தின் மேலேயே ஊன்றிப் படகைத் தள்ளுவார். கீழே ஏதோ நொறுங்கும். பிறகு அந்தத் தண்ணீரிலேயே துப்புவார்.

அந்தக் கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழந்து வெளுத்துக் கிடந்தன. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த என் சம்பந்தி கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்.

"எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கே!"

"ஸ்பெஷல் சீசன் சார். போன வருஷம் வந்தவங்களுக்கு இது கிடைக்கல" என்றார் படகுக்காரர்.

நான் விலங்கியல் படித்தவன். அவை சாகக் கிடக்கின்றன என்று தெரியும். படகுக்காரர் பக்கம் நகர்ந்து மெல்லக் கேட்டேன்.

"ஏம்பா, சாகறதக் காட்டியா பொழைக்கிறே?"

"மாலூம் ஹை சார், எனக்கும் தெரியும். நீங்களே அவருகிட்ட சொல்லுங்களேன். இவ்ளோ தூரம் வந்தவரு மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாப்போம்."

அதற்குள் சம்பந்தி திரும்பினார். "நீங்க படிச்சவரு, சொல்லுங்க சம்பந்தி. இது அபூர்வம்தானே?"

அவரை வற்புறுத்தி அழைத்து வந்தவன் நான்.

"ஆமா, ரொம்ப அபூர்வம்" என்றேன்.

படகுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடிப்பது போல. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் பதிலுக்குச் சிரித்தேன்.