மச்சானின் கிளட்ச் பேரிங்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கார் ஓட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு இடுப்பு கழன்றுவிடும். கிளட்சைப் பட்டென்று விடுவார். வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். குருவிநத்தத்தில் கரும்பு போடுகிறவர். ஏர் பின்னால் நடந்த காலுக்குக் கிளட்ச் பிடிபடவில்லை என்று கிண்டல் செய்வேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எழுபதுகளில் ஒரு கரும்பு வெட்டுச் சமயம். கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய், பாகூர் மெக்கானிக் ஷெட்டில் புதிது போட்டார்கள். கூடவே பேரிங்கையும் மாற்றிவிடச் சொன்னார் மெக்கானிக். பெடலை மிதித்தால் உள்ளே போய் அழுத்தி, பிளேட்டை விடுவிப்பது அந்தப் பேரிங்தான். அதன் முகத்தில் ஒரு கரி வளையம் இருக்கும். மச்சான் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"தடியாத்தான்பா இருக்குது. இன்னொரு போகம் தாங்கும்" என்று பழையதையே மாட்டச் சொல்லிவிட்டார்.

தாங்கவில்லை. என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பேரிங் உடைந்தது. பின்சீட்டில் அவளும் மாமியாரும், முன்னால் நான். பாகூரைத் தாண்டியதும் மச்சான் பெடலை மிதிக்க, கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு முறிவு. தரைவரை மிதித்தும் பிளேட் விடவில்லை. பேட்டரி வேறு சோர்ந்திருந்தது. நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா வா மாப்ள" என்றார் மெதுவாக. "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

ஆக்சிலேட்டரை லேசாக விட்டு, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, எஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துவருகிற நொடியில் அடுத்த கியரைப் பதமாக மாட்டினார். கிளட்சே இல்லாமல்! முன்னால் கரும்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தூரத்திலேயே வேகம் குறைத்து, கியரை இறக்கி, நிற்காமல் மாட்டு நடைக்கு ஊர்ந்து, இடம் கிடைத்ததும் தாண்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக் போட்டு நிறுத்தினார். இறங்கி வந்து தங்கச்சி பக்கத்துக் கதவைத் திறந்தார்.

பெண் பிறந்தாள். மறுநாள் மெக்கானிக் கியர்பாக்ஸைக் கழற்றியதும் கரி வளையம் துண்டு துண்டாக விழுந்தது. மச்சான் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும் மாப்ள" என்றார். நான் கிண்டல் செய்யவில்லை.

மாலையில் இருவரும் குழந்தையைப் பார்க்கப் போனோம். எதுவும் தெரியாத என் மனைவி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாண்ணே, நேத்துதான் நீ ஒழுங்கா கிளட்ச் மிதிச்ச. ஒரு குலுக்குகூட இல்ல."