பட்டை மீனுக்கு விருந்து

அப்பா மீன்தொட்டி வாங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அக்காவும் இருந்தாள்; சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவளைக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. இல்லாதவர் அத்தைதான். அவர் ஆம்பூரில் இருந்தார்.

அப்பா ஒரு டாக்டர் குடும்பத்துக்குச் சமையல்காரராக அமெரிக்கா வந்தவர். அம்மாவும் கூட வந்தபோது, மூன்று வயது அக்காவை அத்தையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். சீக்கிரம் கூட்டிக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்களாம். அவளுக்கு விசா பேப்பர் வந்து சேர்வதற்குள் நான் இங்கே பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டேன். எங்கள் குடும்பத்திலேயே முதலில் படித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அக்கா ஆம்பூரில் நாலாவது முடித்திருந்தாள் என்பது அந்தப் பெருமையில் மறந்துபோயிருந்தது.

பத்து வயதில் வந்திறங்கிய அக்கா, அம்மாவை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. "தண்ணி வேணும்" என்பாள், சுவரைப் பார்த்து. அவளை வெளியே வரவைக்கத்தான் மீன்.

அப்பாவின் இங்கிலீஷ் சமையலறை வரைக்கும்தான். கடைக்காரப் பையன் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்: இது கூச்ச சுபாவமுள்ள மீன், இன்றைக்கு விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு இடம் மட்டும் கொடுங்கள்.

அம்மா சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே நியாயம்! வந்த அன்னைக்கே ஒருத்தர இருட்டுல பட்டினி போடுவாங்களா?"

"ஊருக்கே ஆக்கிப் போடுறவன் வீட்டு மீனு பட்டினி கெடந்தா, எனக்குத்தாண்டா அசிங்கம்" என்றார் அப்பா.

இருந்தாலும் ஒரு சின்ன மண்பானையைத் தொட்டிக்குள் படுக்க வைத்தார்கள். ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட அந்த மீன் விருட்டென்று அதற்குள் போனதுதான், வால்கூடத் தெரியவில்லை. அப்போதுதான் அக்கா சோபாவுக்குப் பின்னாலிருந்து தானாக எழுந்து வந்தாள். ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த துண்டைத் தொட்டியின் மேல் போர்த்தினாள். விளக்கை அணைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டுக்குள் தலையை விட்டு மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு நேரம் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீன் வந்ததும் பெண் பாதி வெளியே வந்துவிட்டாள். மீனும் வெளியே வந்துவிட்டால் மீதிப் பெண்ணும் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் பெண்ணைப் பார்க்க நாலைந்து அங்கிள், ஆன்டிகள் வந்தார்கள். அம்மா துண்டை எடுத்தாள், விளக்கைப் போட்டாள், பானையையும் வெளியே எடுத்துவிட்டாள். மீன் ஒரு மூலையில் ஒடுங்கியது. எதிர் மூலையில் அக்கா.

"என்னம்மா, வாயே தொறக்க மாட்டேங்கற? ஏரோப்ளேன்ல மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார் ஒரு அங்கிள். எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். நான் கண்ணாடியைத் தட்டி மீனை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா அம்மாவிடம் வந்தாள். "அந்தப் பானையக் குடுத்துருங்க."

"பழக வேணாமா கண்ணு? இப்படியே ஒளிஞ்சிக்கினு இருந்தா எப்பத்தான் பழகறது?" அம்மா ஒரு லட்டை அவள் வாயில் வைத்தாள். அவள் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் ஊட்டாத சோற்றையெல்லாம் அம்மா ஒரே மாதத்தில் ஊட்டிவிடப் பார்த்தாள் என்பது இப்போது தெரிகிறது.

காலையில் கலங்கிய தண்ணீரில் மீன் ஒருக்களித்து மிதந்தது. அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. துண்டை அலசிக் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்துத் தன் பையில் வைத்தாள். அதன் பிறகு அவள் பேசியது ஒரே வாக்கியம்தான்: "நான் அத்தைகிட்ட போறேன்."

"பழகிடுவா" என்று அப்பா கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். அவள் சாப்பாட்டை நிறுத்தினாள்; காய்ச்சல் வந்தது; அது விட்டபாடில்லை. கடைசியில் அப்பா சொல்வதை நிறுத்தினார்.

அப்பாவும் அக்காவும் ஆம்பூர் போக, டிக்கெட் ஏற்பாடு செய்யும் அங்கிள் வீட்டுக்கு வந்து விலை சொன்னார். அப்பாவுக்கு ஆயிரத்து நூறு டாலர். அக்காவுக்கு முந்நூற்று எண்பது.

வித்தியாசம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. படித்தவன் அல்லவா? "அக்கா சின்னப் பொண்ணும்மா, அதான் கம்மி" என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் அப்பாவுக்கு ஆயிரத்து நூறு என்று அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா நோட்டுகளை இரண்டாகப் பிரித்து, சின்னக் கட்டை மட்டும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூற்று எண்பது.