மூடியில்லாத போத்தல்

வாவிக்கு இரண்டு கரை. குடிக்கு இரண்டிலும் வேறு வேறு சட்டம்.

சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் மெயின் ரோட்டிலேயே சாராயக்கடை இருக்கிறது. ரோட்டில் நின்று குடித்தால் பொலிஸ் பிடிக்கும். கடற்கரைக்குப் போய்க் குடித்தால் ஒருவரும் கேட்பதில்லை. சூரியன் படுகிற பக்கமான எங்கள் படுவான்கரையில் கடையும் இல்லை, பொலிசும் தூரம். ஆனால் துறையிலிருந்து ஊருக்குள் போகும் ரோடு கோயில் வாசலால் போகிறது. மூடின போத்தல் பைக்குள் இருந்தால் சனம் பேசாது. திறந்த போத்தலோடு வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டு கரைக்கும் நடுவில் நான் பாதை ஓட்டுகிறேன். படகுகளுக்கு மேல் பலகை அடித்து, சனத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகிற மிதவை அது. நடுத்தண்ணீரில் எந்தச் சட்டமும் இல்லை என்று சிலர் அங்கே வைத்துத்தான் போத்தலைத் திறப்பார்கள். பெண்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. நானே ஒரு சட்டம் போட்டேன். திறந்தால் எஞ்சினை நிற்பாட்டுவேன். மூடினால் பாதை போகும். சத்தம் போட மாட்டேன். சும்மா இருப்பேன்.

மகளுக்குக் கலியாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் எழுவான்கரையிலிருந்து வந்தார்கள். மற்றச் சனத்தோடு நானே ஏற்றி வந்தேன். மாப்பிள்ளையின் தாயும், தாயின் அண்ணனும். தாய்மாமன் தலையாட்டாமல் எங்கள் பக்கம் கலியாணம் நடக்காது. மகளுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

நடுவில் வந்ததும் தாய்மாமன் ஒரு போத்தலைத் திறந்து, மூடியைத் தண்ணீருக்குள் எறிந்தார்.

எஞ்சினை நிற்பாட்டினேன்.

“என்ன, எண்ணெய் முடிஞ்சிட்டா?” என்றார்.

“இல்ல. போத்தல மூடுங்க.”

“கடக்கரையில குடிச்சா பொலிசே பாத்துட்டுப் பேசாமப் போவான்.”

“அது அங்க.”

“சம்பந்தம் வேணாமோ?”

“வேணும். மூடுங்க.”

“மூடிதான் தண்ணிக்குள்ள போயிற்றே.”

சந்தைக்குப் போய் வந்த ஒரு பெண், “குதிச்சு எடுத்துட்டு வாங்க அண்ணன். நாங்க நிப்பம்” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

காற்று பாதையை மெல்லத் தெற்கே தள்ளியது. வீட்டில் மனைவி பலகாரம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மகள் சேலை உடுத்து முடித்திருப்பாள். எல்லாம் நினைத்தேன். எஞ்சினில் கை வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்தார்.

“அண்ணன், இஞ்ச தாங்க.”

“முழுப் போத்தல் புள்ள அது.”

தாய் போத்தலை வாங்கி வாவிக்குள் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தார். வெறும் போத்தலைத் தன் பைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இனி எஞ்சினப் போடுங்க, சம்பந்தி.”

பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. வெற்றிலைத் தட்டு மாறவில்லை. அதற்குள் அப்படி அழைத்துவிட்டார். அண்ணன்காரர் அதை மறுக்கவும் இல்லை.

கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது. கரை சேரும்வரை நிமிர்ந்தே நின்றேன்.